முதலிடத்தில் வந்த அண்ணன்

2006ஆம் ஆண்டு, ஈஸ்டர் முடிந்த கையோடு, ஒரு மத்தியான நேரத்தில் திண்டுக்கல் ரயில் நிலையத்தில் என் அண்ணன் காணாமல் போனார்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மதினி இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். மறதி கொஞ்சம் கொஞ்சமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் எங்கள் பெயர்கள் போயின, பிறகு தன் பெயரும் போனது. எஞ்சியது ஒரே ஒரு கவலைதான். எங்கள் தெருவில் ஆத்தூர் அணையின் குழாய்த் தண்ணீர் வருவது திருவிழா மாதிரி. திருவிழாவுக்காவது தேதி உண்டு. தண்ணீர் வருகிறதா என்று காவல் இருப்பது வீட்டில் அண்ணனுக்கு நாங்கள் கொடுத்திருந்த பொறுப்பு. எல்லாம் மறந்த மனிதர் அதை மட்டும் மறக்கவில்லை. யாரைப் பார்த்தாலும், "ஏலே, ஆத்தூர் டேம் தண்ணி வந்துருச்சா?" என்பார். பாதிரியாரையும் அப்படித்தான் கேட்டார்.

தினமும் நிலையத்து டீக்கடை வரைக்கும் நடந்துபோய்த் திரும்புவது அவர் வழக்கம். அன்று திரும்பவில்லை. வடக்கே போகும் வண்டியில் ஜன்னலோரமாக, முன்பதிவு செய்தவர் மாதிரி அமர்ந்திருந்ததைக் கண்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். எந்த வண்டி என்று அவருக்கு நினைவில்லை.

நான் ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனுவை எந்த மேசையில் கொடுத்தால் எங்கே போய் உறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஆகவே உறங்காத மேசைகளாகப் பார்த்துக் கொடுத்தேன். காவல் நிலையத்தில் புகார், ரயில்வே காவலுக்கு நகல், அண்டை மாநிலங்களுக்குப் பதிவுத் தபால், செய்தித்தாளில் விளம்பரம். பெயர், தகப்பனார் பெயர், வயது, உயரம், இடது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளங்கள். எல்லோரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஒப்புகைச் சீட்டுகள் வந்து குவிந்தன. அண்ணன் வரவில்லை.

"இம்புட்டு எழுதியாச்சு. சீட்டு வந்துச்சு, மனுசன் வந்தாரா?" என்றாள் என் மனைவி. அவள் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு இரண்டு வேளை மாத்திரை உண்டு. அது இல்லாமல் எவ்வளவு காலம் தாங்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். "சீக்கிரம் தேடுங்கள்" என்றார்.

எங்கள் மருமகள் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். மகன் வெளிநாட்டில் இருந்ததால் எங்களோடு இருந்தாள். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஏதோ வேலை செய்வாள். என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"இன்டர்நெட்ல யாராச்சும் ஒன்னத் தேடுனா, ஆயிரம் கடை வருமுங்க மாமா. அதுல எங்க ஆளு கடை மொதல்ல வரோணும். அதுக்குத்தானுங்க சம்பளம்."

"அது எப்படி மொதல்ல வரும்?"

"மத்தவங்க இன்டர்நெட் பக்கமெல்லாம் நம்ம பக்கத்தக் கைகாட்டோணுமுங்க. அதுக்குப் பேரு லிங்க். நல்ல பேரு வாங்குன பக்கம் கைகாட்டுனா இன்னும் மேல போலாமுங்க."

சிபாரிசுக் கடிதம்! நாற்பது வருடமாக நான் பார்த்ததைத்தான் இந்தப் பெண் கம்பி வழியாகச் செய்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அதற்குமேல் அந்தத் தொழிலின் மீது எனக்கு மதிப்பு ஒன்றும் வரவில்லை.

ஒருநாள் காலை, அண்ணனுக்காக நான் தயாரித்திருந்த அறிவிப்பை வாங்கிப் படித்தாள். குறை சொல்ல முடியாத அறிவிப்பு அது.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. பெரிய மாமாவப் பாக்கறவங்களுக்கு அவரு பேரு தெரியுமாங்க?"

"அவருக்கே தெரியாது."

"அப்பப் பேரு தெரியாதவங்க, பேரப் போட்டுத் தேடுவாங்களாங்க? அவங்க காதுல என்ன விழுகுமோ அதத்தானுங்க தேடுவாங்க."

என் அறிவிப்பை வாங்கி மறுபடி படித்தேன். இத்தனை வாரமாக நான் எழுதியதெல்லாம் நாங்கள் அறிந்த அண்ணனைப் பற்றி. அவரை வழியில் காணப்போகிறவருக்குத் தெரிந்த அண்ணன் வேறு: பேர் சொல்லாத ஒரு கிழவர், தமிழ் பேசுகிறார், ஆத்தூர் டேம் தண்ணீர் வந்ததா என்று கேட்கிறார். அவ்வளவுதான் அவருடைய முகவரி.

அந்த முகவரியை வைத்தே அவள் ஒரு பக்கம் தயாரித்தாள். அண்ணனின் படம், அவர் கேட்கும் கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும், எங்கள் தொலைபேசி எண். ஆனால் ஆத்தூர் டேம் தண்ணீர் என்று தேடிப் பார்த்தால் அந்தப் பக்கம் எங்கோ அடியில் கிடந்தது. மேலே தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் கடை, சுற்றுலாக் கட்டுரைகள், வீட்டுமனை விளம்பரங்கள். ஆத்தூர் தண்ணீரைத் தேடுகிறவர் அண்ணனிடம் வந்து சேருவதற்குள் பாட்டிலில் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

"நெறையப் பேரு கைகாட்டுனாத்தானுங்க மேல வரும்" என்றாள். "எங்க ஃபோரத்துல கேக்கலாம். ஆனா கேக்கக் கூடாதுங்க."

அந்த ஃபோரம் என்பது இதே தொழில் செய்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் கூடிப் பேசும் இடம். எல்லோரும் எல்லோருக்கும் போட்டி. இன்று இவர் முதலிடம் என்றால் நாளை அவரைத் தள்ளுவது எப்படி என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவார்களாம். அங்கே ஒரே ஒரு பெரிய பாவம் உண்டு, வாய்விட்டு லிங்க் கேட்பது. கேட்டால் பதிவை நீக்கிவிடுவார்கள், ஆளையும் வெளியேற்றுவார்கள். அதைக் கவனிக்கும் நிர்வாகி எங்கள் பழைய தணிக்கை அதிகாரியின் மறுபிறவி போலிருக்கிறது, காரணம் கேட்காமல் வெட்டுவாராம். மருமகளுக்கு வேலைகளெல்லாம் அந்த ஃபோரத்தில் அவள் சேர்த்திருந்த நல்ல பேரால்தான் வந்துகொண்டிருந்தன.

"விதியை மீறாதே" என்றேன். பழக்க தோஷம்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "நீ கேளு தாயி. அந்தக் கூட்டம் போனா வேற கூட்டம் சேந்துக்கலாம். இவுக அண்ணன் போனா வேற அண்ணனா கெடைப்பாரு?"

மருமகள் கேட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதி, விதி தெரிந்தே மீறுகிறேன், நீக்குவதானால் ஒருநாள் இருக்கவிட்டு நீக்குங்கள் என்று முடித்திருந்தாள்.

மறுநாள் காலை ஜெபம் முடித்துவிட்டு வந்தேன். "மாமா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். அவள் பதிவு நீக்கப்படவில்லை. அதை அந்த நிர்வாகி எல்லாப் பதிவுகளுக்கும் மேலே ஆணி அடித்ததுபோல் நிறுத்தியிருந்தார். அடியில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: இன்று விதி விடுமுறையில் இருக்கிறது.

அதற்குக் கீழே, போலந்திலிருந்து ஒருவர், பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவர், கராச்சியிலிருந்து ஒருவர். "செய்துவிட்டேன்." "என் எல்லாப் பக்கத்திலும் போட்டாயிற்று." "வேறு என்ன வேண்டும், சகோதரி?" ஒவ்வொன்றாக அவள் திறந்து காட்டினாள். செருப்பு விற்கும் பக்கம், ஜோசியம் சொல்லும் பக்கம், உடம்பு இளைக்கத் தேயிலை விற்கும் பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் எங்கள் அண்ணன், இடது புருவத்துத் தழும்போடு. அவர் வாழ்நாளில் மதுரையைத் தாண்டி விரும்பிப் போனதில்லை. இங்கே ஒரு போலந்துச் செருப்புக் கடையின் வாசலில் நின்று, தண்ணீர் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேல பாருங்க" என்றாள். தேடலில் முதலிடத்தில் அப்போதும் அந்தத் தண்ணீர் மெஷின் கடைதான் இருந்தது. திறந்தாள். மெஷினைக் காணோம். பக்கத்தின் தலையில் பாதித் திரைக்கு அண்ணனின் படம். 'இந்தப் பெரியவரைக் கண்டீர்களா?' அதற்கு அடியில்தான் மெஷின். அந்தப் பக்கத்தை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவரும் அதே ஃபோரத்து ஆள்தானாம். மெஷின் சூடாக விற்கும் கோடைகாலம். கடைக்காரரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருக்கிறார். மருமகளுக்கும் அவருக்கும் அந்த வருடம் முழுக்க முதலிடத்துக்காகச் சண்டை என்பதைப் பிறகு அறிந்தேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒரு கையெழுத்துக்காக நடையாய் நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முகம் தெரியாதவர்கள் எந்த மனுவும் இல்லாமல், மேலொப்பம் இல்லாமல், ஒரே ராத்திரியில் உலகம் சுற்றி ஒரு கிழவரின் கேள்வியைத் தூக்கிப் பிடிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

சில நாட்களில் தொலைபேசி வந்தது. மகாராஷ்டிராவில் ஒரு ரயில் சந்திப்பு ஊர். அங்கே ஒரு சிறு ஆஸ்பத்திரி நடத்தும் கேரளத்துக் கன்னியாஸ்திரி பேசினார்.

"இவிட ஒரு அப்பச்சன் இருக்கு. பேரு சொல்லல. எப்பவும் ஆத்தூர் டேம் தண்ணி வந்தோ, வந்தோன்னு கேக்குது. ஆத்தூர் எவிடயாணுன்னு கம்ப்யூட்டர்ல பாத்தா, தண்ணி மெஷின் விக்கிற இடத்துல அப்பச்சனோட போட்டோ! உங்க ஆளா?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி ரிசீவரைப் பிடுங்கினாள். "எங்க ஆளுதான் தாயி! மாத்திர குடுத்தீகளா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நேரில் போனபோது ஆஸ்பத்திரி எழுத்தர் ஆதாரம் கேட்டார். அதற்குத்தானே நான் பிறந்தேன்! புகார் நகல்களும் ஒப்புகைச் சீட்டுகளும் அடங்கிய கோப்புக் கட்டை எடுத்து வைத்தேன். அவர் முழுவதும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்க ஒன்றும் கிடைக்காமல் மூடினார். இளைத்துப் போயிருந்த அண்ணன் கட்டிலில் இருந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் யார் என்று தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

"ஏலே, ஆத்தூர் டேம் தண்ணி வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே. வாங்க, பிடிக்கலாம்" என்றேன். மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தார்.

ஊர் திரும்பியதும் அந்த ஃபோரத்துக்கு முறையாக ஒரு நன்றிக் கடிதம் எழுதி, மருமகளைவிட்டுப் போடச் சொன்னேன். மறுநாள் அது அங்கே இல்லை. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத பதிவு என்று நிர்வாகி நீக்கியிருந்தார். விடுமுறை முடிந்து விதி வேலைக்கு வந்துவிட்டது. மெஷின் கடைக்காக உழைப்பவரும் மருமகளும் பழையபடி சண்டைக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த நிர்வாகி மீது எனக்கு மரியாதை கூடிப்போயிற்று.

அண்ணன் அதற்குப் பிறகு மூன்று கோடைகள் எங்களோடு இருந்து, எங்கள் வீட்டிலேயே கண் மூடினார். இப்போதும் யாராவது எதையாவது தேடி முதலில் வருவதைத் தொடும்போது, முதலிடத்துக்காக ராப்பகலாக அடித்துக்கொள்கிற அந்த மனிதர்களை நினைத்துக்கொள்கிறேன். அந்த இடத்தின் அருமை தெரிந்தவர்கள்தான் அதை ஒருநாள் என் அண்ணனுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள்.