உல்மெகென் அக்காவின் கம்பளம்

என் மச்சான் தோக்தார் பெரிய மூளைக்காரர். இதை அவர் முகத்துக்கு நேரே நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அக்காள் புருஷனைக் கேலி செய்வதுதான் எங்கள் கசாக் வழக்கம். புகழ்ந்தால் உறவு கெட்டுவிடும். அதனால் இங்கே சொல்லித் தொலைக்கிறேன்.

எங்கள் ஊர் கோமிர்தௌவின் மின்நிலையத்தில் எரிப்பது உள்ளூர் நிலக்கரி. பாதி கரி, பாதி மண். எரிந்து மிச்சமாகும் சாம்பல் புகைபோக்கி வழியாக எங்கள் தலையில் விழும். அதைப் புகைபோக்கிக்குள்ளேயே மடக்கிப் பிடிப்பதுதான் மச்சானின் வேலை. இன்ஜினியர் படிப்பை முடித்து வந்த நாளிலிருந்து வேறு எதையும் அவர் யோசித்ததாக எனக்குத் தெரியாது. நானும் அதே நிலையத்தில் மின்பிரிவில் இருந்தேன், அவர் சொன்ன ஒயரையெல்லாம் இழுத்தவன் நான்தான்.

பனிக்காலத்தில் கம்பளத்தைப் பனியில் கவிழ்த்துப் போட்டு அடித்துச் சுத்தம் செய்யாத வீடு எங்கள் நாட்டில் உண்டா? கோமிர்தௌவில் மட்டும் முடியாது. பனியே கரியாய்க் கிடந்தால் எதை வைத்து எதைத் துடைப்பது? என் அக்கா உல்மெகென், கல்யாணச் சீராக வந்த கம்பளத்தைச் சுருட்டி, பஸ்ஸில் ஏற்றி, எங்கள் சித்தி மகள் இருக்கும் அக்புலாக் கிராமத்துக்கு வருஷா வருஷம் கொண்டுபோவாள். பஸ்காரன் அஸ்கார் கம்பளத்துக்கும் சேர்த்து டிக்கெட் கிழிப்பான்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரரு தூசி பிடிக்கிற இன்ஜினியராமே? வீட்டுத் தூசி அவர் கணக்குல வராதோ?" என்பான்.

"அவரு ஊர்த் தூசியைப் பிடிக்கிறாரு. உன் வாயைப் பிடிக்கத்தான் ஆள் இல்ல" என்பாள் அக்கா. அவளிடம் வாய் கொடுத்து மீண்டவன் கிடையாது.

மச்சான் முதலில் தண்ணீரைத்தான் நம்பினார். புகையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் சாம்பல் நனைந்து கீழே இறங்கிவிடும். இறங்கியது! ஷிப்டு ஆட்கள் "சுயின்ஷி! சுயின்ஷி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். நல்ல சேதி கொண்டுவருகிறவன் அப்படிக் கத்தினால், கேட்டவர் ஏதாவது பரிசு கொடுத்தே ஆக வேண்டும். மச்சான் தலையிலிருந்த நரித்தோல் குல்லாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமே ஈரச் சாம்பல் குழாய்க்குள் சிமெண்டாக இறுகி, கடப்பாரையால் பெயர்க்க வேண்டி வந்தது. குல்லா போனது போனதுதான். காது சிவக்க அந்தப் பனிக்காலம் முழுக்க அலைந்தார் மனுஷன்.

பிறகு மின்சாரத்துக்கு வந்தார். வரிசையாக இரும்புத் தகடுகள், நடுவில் கம்பிகள். கம்பியில் பலமான மின்சாரம் விட்டால் சாம்பல் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். சுத்தியலால் தட்டினால் உதிரும். மறுபடி சுயின்ஷி, இந்த முறை கைக்கடிகாரம். ஆனால் எங்கள் ஊர்ச் சாம்பல் சரியான முரண்டு. தகட்டில் கனமாகச் சேர்ந்ததும் சீறிக்கொண்டு திரும்பவும் பறந்தது.

"அடுத்த சுயின்ஷிக்கு எதைக் கொடுப்பீங்க, என்னையா?" என்று கேட்டாள் அக்கா.

"உன்னை வாங்கினவன் மறுநாளே திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவான்" என்றார் மச்சான். இப்படிச் சிரித்துச் சிரித்தே அந்த வீடு ஓடியது.

மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் விட்டு விட்டுக் கொடுக்கலாம் என்று அவருக்குத்தான் தோன்றியது. எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு விடுவது என்று கண்டுபிடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மின்நிலைய டைரக்டர் அர்காதி கூப்பிட்டு அனுப்பினார்.

"தோக்தார், இந்தப் பனிக்காலம்தான் உங்களுக்குக் கெடு. அப்புறம் உங்க தகடெல்லாம் பழைய இரும்புக்குப் போயிடும். புகைபோக்கியை இன்னொரு மடங்கு உசத்திட்டா சாம்பல் நம்ம ஊர்ல விழாது."

"வேற ஊர்ல விழுமே?"

"அது எனக்கெதுக்கு?"

காற்றடிக்கும் திசையில் இருந்தது அக்புலாக். அக்காவுக்கு வந்ததே கோபம். "அப்ப நான் கம்பளத்தைத் தூக்கிக்கிட்டு நிலாவுக்கா போறது?" என்று சட்டியைத் தடாலென்று வைத்தாள்.

மச்சான் கடைசி முறையாக எல்லாவற்றையும் மாற்றிப் பொருத்தினார். புகைச் சாம்பலை அளக்கும் மீட்டர் நல்லபடியாகக் காட்டியது. ஆனால் குல்லா போன அன்றும் மீட்டர் நல்லபடியாகத்தான் காட்டியது; ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பனி விழுந்தது. வெள்ளை வெளேரென்றிருந்த முற்றத்தைக் காட்டினேன்.

"முதல் நாள் வெள்ளையைப் பாத்து ஏமாற நான் என்ன புதுப்பொண்ணா? ஒரு வாரம் கிடக்கட்டும்" என்றாள் அக்கா.

அந்த வாரம் மச்சான் ஜன்னல் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் கம்பளத்தைத் தூக்கினோம். மச்சானும் பூட்ஸைத் தேடினார்.

"நீங்க மேலயே இருங்க. பரீட்சை எழுதினவரே பேப்பர் திருத்தக் கூடாது" என்று அக்கா தடுத்துவிட்டாள்.

நாலு மாடி இறங்கி, கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் அடித்தோம். எல்லா ஜன்னலிலும் பெண்கள். கம்பளத்தைத் தூக்கினால் அடியில் கன்னங்கரேலென்று ஒரு கட்டம்! "ஐயோ!" என்றது ஒரு ஜன்னல். மேலே மச்சானின் முகம் தெரிந்தது, உடனே மறைந்தது.

வெறுங்காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தலையில் ஒன்றுமில்லாமல் இறங்கி வந்தார். "விடு, உல்மெகென். பாத்துட்டேன். நாளைக்கே போய்ச் சொல்லிடறேன், புகைபோக்கியைக் கட்டிக்கட்டும்."

"மனுஷா! கறுப்பையே பாக்குறீங்களே, அதைச் சுத்திப் பாருங்க! அது கம்பளத்துத் தூசி. நம்ம வீட்டுத் தூசி! அக்புலாக்ல வருஷா வருஷம் இந்தத் தடத்தைப் பாத்துட்டுத்தானே வரேன். சுத்தியும் வெள்ளையா இருந்தாத்தான் இது கண்ணுக்கே தெரியும்!"

சுற்றிப் பார்த்தோம். ஒரு வாரத்துப் பனி, கட்டத்தின் நாலு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. கம்பளத் தடம் எப்படி இருக்கும் என்பதையே அந்த முற்றத்தில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மச்சான் குந்தி உட்கார்ந்தார். ஒரு பிடி பனியை அள்ளி வாயில் போட்டார். பனியைத் தின்னும் பிள்ளைகளின் முதுகில் நாலு வைக்கிற ஊர் இது. அவர் மென்று விழுங்கிவிட்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன், போங்கள்.

அக்கா கையை நீட்டினாள். "சுயின்ஷி!"

அவர் தலையைத் தடவினார், பைகளைத் தடவினார். "எங்கிட்ட ஒண்ணுமில்லையே?"

"தோள் இருக்குல்ல? கம்பளத்தைத் தூக்குங்க. நாலு மாடி."

தூக்கிக்கொண்டு விசிலடித்தபடியே படியேறினார். வீட்டுக்குள் விசிலடித்தால் செல்வம் போய்விடும் என்று எப்போதும் திட்டுகிற அக்காதான் அன்று முன்னால் ஓடிக் கதவைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் முற்றமெங்கும் கறுப்புக் கட்டங்கள். அடுத்த ஞாயிறு டைரக்டரின் மனைவியே ஒரு கம்பளத்தோடு வந்தாள். மறுமுனையைத் தூக்கி வந்தவர் அர்காதி. அதற்கப்புறம் புகைபோக்கிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பனி உருகும் நேரத்தில் பஸ்காரன் அஸ்கார் எங்கள் முற்றத்துக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பனிக்காலம் உங்க அக்கா கம்பளத்தோட வரவே இல்லையே. தவறிட்டாங்களா?"

நாலாவது மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"அடேய், நான் சாகலடா! என் வீட்டுக்காரரு பாஸாயிட்டாரு!"