என் லேப்டாப்பின் வேகத்தைத் திருடியது யார்?

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், ஐப்பசி மாதம். காஞ்சிபுரத்தில் தினமும் வேலை நேரம் பார்த்து இரண்டு, மூன்று மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். நான் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். முந்தானையில் வரும் அன்னத்தையும் யாளியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால், அதைப் பார்த்து அட்டையில் துளை குத்தித் தறியில் ஏற்றுவார்கள்.

என் தோழியும் நானும் ஒரே சென்டரில்தான் இந்த வேலையைக் கற்றோம். ஒரே நாளில் சென்னைக்குப் போய், ஒரே மாதிரியான பழைய லேப்டாப் இரண்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினோம். பிறகு அவளுக்குக் கல்யாணமாகி, சின்ன காஞ்சிபுரத்தில் இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்குப் போனாள். நான் பிள்ளையார்பாளையத்தில் அம்மாவோடு இருந்தேன்.

அவள் வாரத்துக்கு மூன்று டிசைன் முடித்தாள். எனக்கு ஒன்று முடிப்பதே பெரும்பாடு. எங்களுக்கு வேலை கொடுக்கும் புடவைக்கடை முதலாளி, “உன் சிநேகிதிகிட்ட குடுத்தா சொன்ன தேதியில வந்துடுதுமா” என்பார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

ஒருநாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது கவனித்தேன். முந்தானை முழுக்க நிறம் நிரப்ப அவள் மெஷினுக்குக் கண் சிமிட்டும் நேரம் போதுமாயிருந்தது. என்னுடையதில் அதற்குள் அரை டம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம். என் முகம் மாறியதைப் பார்த்தாளோ என்னவோ, அவளே சொன்னாள்: “போன மாசம் மெமரி ஏத்துனேன்டி. நீயும் ஏத்திக்கோ. வா, நானே கூட்டிக்கினு போறேன்.”

காந்தி ரோடு பக்கம் ஒரு சின்னக் கடை. நடுத்தர வயது மெக்கானிக் ஒருவர் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்து, விரல் நீளத்தில் ஒரு பட்டையைச் செருகினார். “மெமரி ஏறிச்சான்னு நீயே பார்த்துக்கோ” என்று, அதை எங்கே பார்ப்பது என்பதையும் தோழி சொல்லிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தேன். கரண்ட் இல்லை. பேட்டரியிலேயே போட்டுப் பார்த்தேன். மெமரி ஏறித்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே ப்ராசஸர் வேகம் 598 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. வாங்கும்போது அதே இடத்தில் 1.60 கிகாஹெர்ட்ஸ் என்று பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதாவது ஆயிரத்து அறுநூறு மெகாஹெர்ட்ஸ். இப்போதும் ப்ராசஸர் பெயருக்குப் பக்கத்தில் 1.60 என்றுதான் இருந்தது. வேகம் மட்டும் பாதிக்கும் கீழே. டிசைனைத் திறந்தால் பழையபடி மெதுவாகவே நகர்ந்தது.

அவளும் மெக்கானிக்கும் சேர்ந்து, பெயரை விட்டுவிட்டு உள்ளே இருந்ததை மாற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. என் நல்ல ப்ராசஸர் அவள் மெஷினுக்குப் போயிருக்கிறது. அதனால்தான் அவளுடையது பறக்கிறது. அவள் மெஷின் அதற்கு முன்பே பறந்துகொண்டிருந்தது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. வயிற்றெரிச்சலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

மறுநாள் காலை நேராக முதலாளியிடம் போனேன். நடந்ததாக நான் நினைத்ததைச் சொன்னேன். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. “கூடப் பொறந்தவ மாதிரி பழகின எனக்கே இப்படிச் செஞ்சவ, உங்க டிசைனை வேற கடைக்கு வித்துட மாட்டான்னு என்ன நிச்சயம்?” என்றேன்.

பட்டு வியாபாரத்தில் இதைவிடப் பெரிய பழி இல்லை. அவர் முகம் இறுகிவிட்டது. அவளுக்குக் கொடுத்திருந்த முகூர்த்தப் புடவை ஆர்டரை அன்றே அவளிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன். ஆர்டர் கைக்கு வந்ததும் என் ப்ராசஸரைத் திரும்பக் கேட்கும் அவசரம்கூட இல்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள்தான் மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. என் லேப்டாப்பைச் சார்ஜரில் செருகி, அதே பக்கத்தைத் திறந்து காட்டினார். 1.60 என்று இருந்தது.

“இப்ப பாருங்கமா” என்று பிளக்கைப் பிடுங்கினார். அந்தப் பக்கத்தை மூடித் திறந்தார். 598.

“பேட்டரியில ஓடச்சொல்லோ சார்ஜ் மிச்சமாவட்டும்னு அதுவே வேகத்தைக் கம்மி பண்ணிக்கும். மெமரி போடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கரண்ட்ல போட்டா ஏறிக்கும். உங்க ஃப்ரெண்டு வீட்ல இன்வெர்ட்டர் இருக்குது, அவங்களுது எப்பவும் பிளக்குலயே ஓடுது. அவ்ளோதான் வித்தியாசம்.”

கடையை விட்டு இறங்கி முதலாளியிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லி ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஆர்டர் சீட்டை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: “நீ சொன்னதை நம்பி நாலு கடைக்காரங்ககிட்ட சொல்லிட்டனேமா. இப்ப எந்த வாயால இல்லன்னு சொல்றது?”

அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

“நீதான் சொன்னியாமே?”

தலையை ஆட்டினேன். எப்படித் தப்பாக நினைத்தேன் என்று விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பிளக்குல சொருகிப் பாருடின்னு சொல்லியிருப்பேனே. எங்க மாமியார், ஊர் வாயில விழற வேலையே வேணாம்னுட்டாங்க. லேப்டாப்பைத் துணி சுத்தி பீரோல வெச்சாச்சு.”

அந்த நாலு கடைகளுக்கும் நானே ஏறி இறங்கி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு பேர் நம்பினார்கள். ஒருவர், “ரெண்டு பேரும் இப்ப சமாதானம் ஆயிட்டீங்களா?” என்று சிரித்தார். ஒருவர் என்னையே இனி வரவேண்டாம் என்றார். அவள் வீட்டில் மனம் மாறி, அவள் மறுபடி வேலைக்கு உட்கார எட்டு மாதம் ஆயிற்று.

இப்போதும் கோயிலிலோ கடைத்தெருவிலோ பார்த்தால் நின்று பேசுவாள். என் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பாள். வீட்டுக்கு வா என்று மட்டும் இதுவரை அழைத்ததில்லை. அடுத்தவர் நன்றாயிருப்பதைப் பார்த்து வயிறு எரியும் குணம் என்னை முழுதாக விட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரைப் பற்றியாவது குறை சொல்ல வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், இதை முதலில் அவரிடமே கேட்டாயா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்து, பல தடவை என் வாயை மூட வைத்திருக்கிறது.