மூன்று கார்டுகளை மூடிய ஞாயிறு

லிஃப்ட் ரிப்பேருக்கு ஒரு பெண் வந்து நின்றால் யாரும் லேசில் நம்புவதில்லை. "உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்பார்கள். "அவர் வீட்ல சமைக்கிறாரு. மெக்கானிக் நான்தான்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடுவாள். அடுக்குமாடிகளில் அவளுக்கு லிஃப்ட் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. லிஃப்ட் கூண்டின் மேல் ஏறுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாள். அணைத்தால் மட்டும் போதாது. யாராவது ஒரு நல்ல மனுஷன் வந்து மறுபடி போட்டுவிடுவான். மேலே நிற்பவள் கதி அதோகதிதான்.

இவ்வளவு உஷாரானவள் வீட்டில் கோட்டை விட்டாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்த வருஷம் மூன்று கிரெடிட் கார்டுகளும் நிரம்பின. ஒன்றில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டினாள். வட்டி கழுத்தை நெரித்தபோது வங்கியில் ஒரே கடனாக வாங்கி மூன்றையும் அடைத்தாள். வட்டி குறைவு, மாதம் ஒரே தவணை. அப்பாடா என்றிருந்தது. ஆனால் கார்டுகளை மூடவில்லை. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்றார் கணவர், அவளும் தலையாட்டினாள். அணைத்தவள் பூட்டாமல் விட்டாள்.

அவசரங்கள் வரிசை கட்டி வந்தன, எல்லாம் நாத்தனார் வீட்டிலிருந்து. ஃபிரிட்ஜ், மகனுக்கு போன், அப்புறம் ஏசி. "அடுத்த மாசம் தந்துடறேன் அண்ணி." அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. பழைய கடன் பாதியில் நிற்க, கார்டுகள் மறுபடி நிரம்பி வழிந்தன.

இந்த முறை வீட்டை அடமானமாக வாங்கிக்கொண்டுதான் வங்கி எல்லாவற்றையும் ஒரே கடனாக்கிக் கொடுத்தது. இனி ஒரு கார்டு நிரம்பினாலும் தவணை தவறும், வீடு கைவிட்டுப் போகும். கார்டுகளில் பாக்கி இல்லை என்று தகவல் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனும் கையுமாக உட்கார்ந்தாள். மூக்கில் வேர்த்தது போல நாத்தனாரும் வந்து சேர்ந்தாள்.

"எல்லாம் அடைஞ்சிடுச்சாமே அண்ணி. ஒரு சோபா பாத்து வச்சிருக்கேன்."

"இரும்மா, பேசிட்டு வர்றேன்" என்று லிஃப்ட் அக்கா ஸ்பீக்கரைப் போட்டாள்.

முதல் கார்டு கம்பெனிக்காரன் கடன் வரம்பை இரண்டு மடங்காக்கித் தருவதாகக் குழைந்தான்.

"மூழ்கி இப்பதான் எந்திரிச்சு வந்திருக்கேன். மூடுங்க."

இரண்டாவது கம்பெனியில் ஒரு பெண் காரணம் கேட்டாள்.

"கோபம்னு எழுதிக்கங்க."

"அப்படி ஒரு காரணம் இங்க இல்லையே மேடம்."

"மத்தவைன்னு ஒண்ணு இருக்கும்ல, அதுல போடுங்க."

மூன்றாவது கார்டு கணவர் பேரில் இருந்தது. அவர்தான் சொல்ல வேண்டும். நாத்தனாருக்கு முகம் கறுத்தது. "அண்ணா, தங்கச்சிக்குன்னு ஒண்ணாவது இருக்கக் கூடாதா?"

அப்பா இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அவர். இதுவரை அவளுக்கு ஒன்றையும் இல்லையென்று சொன்னதில்லை. மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் அவள். "இதை மூடலன்னா நான் இனிமே தவணை கட்ட மாட்டேன். வீடு போனா போகட்டும். என் முதுகையும் உடைச்சுக்கிட்டு யாரோ உக்கார சோபா வாங்கித் தர முடியாது."

அவர் போனை வாங்கினார். "மூடிடுங்க."

நாத்தனார் கொடுத்த டீயைக் குடிக்காமலே கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கணவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ இனிமே வர மாட்டா."

"கார்டுக்காக வந்திருந்தா வர மாட்டா. அண்ணனைப் பாக்கணும்னா வருவா."

சொன்னாளே தவிர, அவளுக்கே அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர் தேம்பத் தொடங்கினார். ஆனாலும் தான் தப்புச் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா அழுங்க. நம்ம சொந்த வீட்ல உக்காந்துதானே அழறீங்க."