பன்னிரண்டு முட்டைக்கும் மயில் லேபிள்

விருதுநகர்க் கடையில் முட்டைப் பெட்டி ஒன்றை எடுத்தேன். 'கூண்டில் அடைக்காமல் வளர்த்த கோழி' என்ற லேபிளைக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். அந்தக் கோணலைப் பார்த்ததுமே சின்ன வயதில் இருந்த ஆமத்தூர் வீட்டு மைதாப் பசை மணத்தது.

பட்டாசுக் கம்பெனிக்காக அம்மா மத்தாப்புப் பெட்டிகளுக்கு வீட்டிலேயே மயில் லேபிள் ஒட்டுவாள்; நானும் கூட உட்கார்ந்து ஒட்டுவேன். எங்கள் கறுப்புக் கோழியோ தெருவெல்லாம் மேய்ந்துவிட்டு, பக்கத்து வீட்டு அத்தையின் கூடையில் போய் முட்டையிடும். அத்தையின் வெள்ளைக் கோழியும் அதில்தான் இடும். எது யார் முட்டை என்று தினமும் சண்டை.

ஒருநாள் வெள்ளைக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. குஞ்சில் நமக்குப் பங்கு வராதே என்று அம்மா புலம்பினாள். விடுவேனா நான்? கோழி இரை தின்னப் போன நேரம் பார்த்து, எங்கள் பங்குக்கு ஆறு முட்டைக்கு மட்டும் லேபிள் ஒட்டப் போனேன். கை பழகிய வேகத்தில் பன்னிரண்டுக்கும் ஒட்டிவிட்டேன்.

அத்தை கூடையோடு வந்தாள். "ஏலே, எங்க வெள்ளச்சி எப்பலே ஒங்க கம்பெனில வேலைக்குச் சேந்தா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தையும் சிரித்துவிட்டாள். "குஞ்சு பொரிக்கட்டும் மதினி, ஆளுக்குப் பாதி. இவன மட்டும் பங்கு வைக்க விட்டுறாதீக."

கடைக்காரர் என் யோசனையைத் தப்பாகப் புரிந்துகொண்டார். "நெசமாவே வெளிய மேஞ்ச கோழிதான் சார். லேபிள்லயே போட்டிருக்கு, பாருங்க."

"கோழி மேல சந்தேகமில்ல அண்ணாச்சி. ஒட்டுனவன் மேலதான். நானும் ஒட்டுனவன்தான?"