சிவப்புப் பட்டன்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஐந்து வருஷமாகத் தள்ளிப்போட்டேன். வாரா வாரம் இந்த இடத்தில் கோவில், குடும்பம், ரேஷன் கடை என்று என்னென்னவோ உங்களிடம் பேசியிருக்கிறேன். இது மட்டும்... கை வரவில்லை.

போன வாரம் என் சம்சாரத்துக்கு செல்போன் வாங்கப் போனோம். "கேம் இல்லாத போன் இருந்தா காட்டுப்பா" என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அந்த மாதிரி இனிமே வராது சார். கொஞ்ச வருஷம் போகட்டும், எல்லா போனும் கேம் மெஷின்தான். நடுவுல வேணும்னா பேசிக்கலாம், அவ்ளோதான்!"

சம்சாரம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும். இனி நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் புறப்பாட்டின்போது பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்களில் நானும் ஒருவன். ஒருவனாக இருந்தேன். அப்பா சுமந்த இடம் எனக்கு வந்தது. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் கொண்டுவந்து கொடுத்தார். அகலமான போன். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பட்டன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கார் ரேஸ் ஆடலாம். பேசுவதுதான் கஷ்டம் — திருப்பி, விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். காதில் அப்பளம் சொருகினது மாதிரி இருக்கும். யோசித்துப் பாருங்கள்... அதைச் செய்தவனுக்கே பேச்சு இரண்டாம்பட்சம்தானே?

தென்னேரியில் என் அண்ணன் ஒரு மாதமாகப் படுக்கையில் இருந்தார். ஒரு சாயங்காலம் கோவில் மண்டபத்தில் நாங்கள் காத்திருந்தோம். உள்ளே அலங்காரம் முடியவில்லை. நான் ரேஸில் இருந்தேன். வாகனத்தைத் தூக்கும் தண்டில் என்னோடு தோள் கொடுக்கும் கோபால் கிண்டல் பண்ணினான்.

"இன்னாபா, வாகனம் தூக்க வந்தியா, ஓட்ட வந்தியா?"

"சும்மா இருப்பா, கடைசி ரவுண்டு!"

அப்போது கார் பாதியில் நின்றது. திரையில் 'அண்ணன் வீடு'.

சிவப்புப் பட்டனை அமுக்கினேன்.

மறுபடி 'அண்ணன் வீடு'. மறுபடி அமுக்கினேன். ரேஸில் ஜெயித்தேன். அதற்குள் புறப்பாட்டுக்குத் திருச்சின்னம் ஊதிவிட்டார்கள். போனை ஆஃப் பண்ணிப் பையில் போட்டுவிட்டுத் தண்டுக்குத் தோள் கொடுத்தேன்.

பெருமாள் திரும்பி உள்ளே எழுந்தருளினதும் போனை ஆன் பண்ணினேன். உடனே அடித்தது. அண்ணி.

"உங்கண்ணன் போயிட்டாரு தம்பி. விளக்கு வைக்கறதுக்கு முன்னாடியே... உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு ரெண்டு வாட்டி போடச் சொன்னாரு. நீ எடுக்கல. 'சாமி தூக்கிக்கினு இருப்பான், தொந்தரவு பண்ணாதே'ன்னு அவரே சொல்லிட்டாரு."

கூடப் பிறந்தவன் செத்தால் பத்து நாள் தீட்டு. அந்தத் தீட்டோடு பெருமாளைச் சுமந்திருக்கிறேன். காரியமெல்லாம் முடிந்ததும் பட்டரிடம் போய் அழுதேன்.

"காதுல விழுந்தப்புறம்தான்பா தீட்டு. உனக்குத் தெரியாதே! அலட்டிக்காதே" என்றார்.

சாஸ்திரம் சரிதான். ஆனால் காதில் விழாமல் போகவில்லையே... விழாமல் பண்ணிக்கொண்டவன் நானல்லவா? அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து தண்டைத் தொடவில்லை. கோபாலிடம் தோள்வலி என்று பொய் சொன்னேன்.

கடைக்காரர் சொன்னது நடக்கும். எல்லார் கையிலும் ஆட்டமும் பேச்சும் ஒரே சாமானில் இருக்கும். அப்போது கூப்பிடுகிறவர்கள் எல்லாம் ஆட்டத்துக்கு நடுவே வருகிறவர்கள்தான். எதை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அண்ணி இன்றைக்கும், "எங்க தம்பி பெருமாளைத் தூக்கிக்கினு இருந்துச்சு, அதான் போன் எடுக்கல" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பத்தியை அவளுக்கு யாராவது படித்துக் காட்டுவீர்கள். கோபாலும் படிப்பான். பட்டர் காதுக்கும் போகும்.

போகட்டும். யாரிடம் சொன்னாலும் அப்படியே சொல்லுங்கள். என்மேல் பரிதாபப்பட்டு, 'போன் அடிச்சது அவனுக்குக் கேக்கல' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.