மிச்சம் பிடித்த ஆஸ்பத்திரி

பொன்னாயிக்கு ஆகாத ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது ஆளில்லாத ரூமில் சுற்றுகிற ஃபேன்தான். கொல்லிமலையில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. ஆனால் கூட்டுவதைவிட சுவிட்சை அமத்துவதில்தான் அவளுக்குச் சந்தோஷம். டாக்டர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர் ரூம் இருட்டாகியிருக்கும். "ஏம்மா பொன்னாயி, நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்!" என்று அவர் பலமுறை கத்தியிருக்கிறார்.

"சீமெண்ணெய் விளக்குல வளந்த கட்டைங்க இது. வெட்டியா எரியறதப் பாத்தா வயிறு எரியுதுங்க" என்பாள். கவுர்மெண்டு கரண்டுதானே, உனக்கென்ன போச்சு என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். "ஊரான் ஊட்டு நெய்யே, எம்பொண்டாட்டி கையேங்கற கதையா?" என்று ஆரம்பித்தாளானால், கேட்டவர் சீட்டு வாங்காமலே ஊட்டுக்குப் போய்விடுவார். ஊரில் அவளுக்குச் 'சுவிட்ச் பொன்னாயி' என்றே பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்படிப்பட்டவளுக்குத் தோதாக மாவட்டத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அரசுக் கட்டடங்கள் எல்லாம் கரண்டைக் குறைக்க வேண்டும், அதிகம் மிச்சம் பிடிக்கிற கட்டடத்துக்குக் கேடயம். அதை விளக்கிச் சொன்னது நர்ஸ் அருள்மொழி. "இங்க ஒரு லைட்டை அமத்துனா, எங்கியோ கரண்டு எடுக்கற எடத்துல நெலக்கரி எரியறது கொறையுமுங்க பெரிம்மா. அந்தப் பொகைதான் வானத்தச் சூடாக்குது."

"அதான் மொளகு பூக்கற நேரத்துல மழை வரமாட்டேங்குதா?"

"அதுவும் ஒரு காரணமுன்னுதான் சொல்றாங்க."

அவ்வளவுதான். பொன்னாயிக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. குண்டு பல்பெல்லாம் போய் எல்இடி வந்தது. ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வருகிற இடத்தில் பகலில் லைட்டே கிடையாது. வெந்நீர் போடுகிற ஹீட்டரை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

அருள்மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் பொதுவாக, ஏறி வந்த அன்றைக்கே இறங்குகிற பஸ்ஸை விசாரிப்பார்கள். ராசிபுரத்துப் பெண்ணான இவள் மட்டும் இங்கேயே வீடு எடுத்துத் தங்கினாள். ஊசி நாளன்று தூரத்துக் காடுகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறவர்களுக்கு, எவ்வளவு நேரமானாலும் இருந்து போட்டு அனுப்புவாள். புருசன் செத்து, மகனும் திருப்பூர் போய்விட்ட பொன்னாயியை, "பெரிம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிற ஒரே வாய் அவளுடையதுதான்.

அந்தச் சித்திரையில் சேர்ந்தாற்போல லீவு வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையென்று அருள்மொழி ராசிபுரம் கிளம்பினாள். போகும்போது தடுப்பூசி மருந்து வைக்கிற ஐஸ் பெட்டியைக் காட்டி, "ஒருக்கா எட்டிப் பாத்துக்கோங்க பெரிம்மா. இதுல சிவப்பு லைட் எரிஞ்சா எனக்கு போன் போடுங்க" என்றாள்.

"நீ நிம்மதியா போயிட்டு வா சாமி. நானிருக்கேன்."

பொன்னாயியும் சொன்னபடி போய்ப் பார்த்தாள். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போது பார்த்து மலையின் அரியூர் நாட்டுப் பக்கம் வானம் கறுத்து இடி இடித்தது. இடி இடித்தால் மெயினை அமத்த வேண்டும் என்பது மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மின்னலுக்கு டிவி போன வீடு, மோட்டார் போன வீடு என்று ஊரெல்லாம் கதை இருக்கிறது. பொன்னாயியின் கை தானாகப் போய் மெயினை இறக்கியது. மழை விட்டதும் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள். அதற்குள் வாசலில் வேன் வந்து ஆரன் அடித்தது. சேந்தமங்கலத்தில் தங்கச்சி மகள் கல்யாணம். "பொழுதோட எறங்கோணும், வா அக்கா!" என்று உள்ளிருந்து ஒரே கூச்சல். புடவைப் பையை அள்ளிக்கொண்டு ஏறிவிட்டாள்.

கல்யாணம், மறுவீடு, கறிவிருந்து எல்லாம் முடிந்து திரும்பி வந்து ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தபோதுதான், இறங்கிக் கிடந்த மெயின் கண்ணில் பட்டது. அய்யோ பாவி மனுசி! ஓடிப் போய் ஏற்றினாள். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் அருள்மொழி பெட்டியைத் திறந்தாள். சூடு பட்டால் நிறம் மாறுகிற ஒரு சின்ன அடையாளம் மருந்துக் குப்பிமேல் இருக்கும். எல்லாம் கறுத்து, மருந்து கெட்டுப் போயிருந்தது. வேறு ஆளாக இருந்தால் கமுக்கமாகப் போட்டுத் தீர்த்திருப்பார்கள். அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு மேலிடத்துக்கு போன் செய்தாள்.

மலையில் கரண்டு போவது புதுசா? மழையில் கரண்டு போய்விட்டது என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரி பொன்னாயியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரண்டு போனால் வந்து பார்க்க வேண்டியது யார், மருந்துக்குப் பொறுப்பு யார் என்று அருள்மொழியைத்தான் நிற்க வைத்துக் கேட்டார். பொன்னாயி வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி மாப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் தள்ளிக்கொண்டே போகையில், அருள்மொழிக்குத் தென்கோடியில் ஏதோ ஓர் ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் ஏறும்போதும், "ஹீட்டர் இல்லாம பச்சத் தண்ணில துணி தொவைக்காதீங்க பெரிம்மா, கை வலிக்கும்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாயைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே!

ஐஸ் பெட்டியையும் எடுத்துப் போய்விட்டார்கள். வேறு நர்ஸ் வரவில்லை. ஊசி நாள் நின்றது. ஆள் நடமாட்டம் குறைய, அமத்துவதற்கு சுவிட்சே இல்லாமல் போய்விட்டது பொன்னாயிக்கு.

அந்த வருசக் கேடயம் அவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கிடைத்தது. கரண்டு செலவு பாதியாகிவிட்டதாம். டாக்டர் நல்ல மனுசர். "இது உன்னோடது பொன்னாயி" என்று அவளையே நாமக்கல்லுக்கு அனுப்பி வைத்தார். மேடையில் ஓர் அதிகாரி இத்தனை டன் கரியமில வாயு குறைந்தது என்று படிக்கப் படிக்கக் கூட்டம் கை தட்டியது. ஐஸ் பெட்டியும் ஊசி நாளும் போனதால்தான் அது குறைந்தது என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மைக்கை நீட்டினார்கள். "நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். சீ, என்ன ஜென்மமோ என்று தன்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடிவாரத்தில் கைக்குழந்தையோடு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள் ஆர்த்தி. பொன்னாயி ஊருக்கும் அந்தாண்டை, காட்டுக்குள் இருக்கிற வீடு. விடியுமுன்னே நடந்து வந்து பஸ் பிடித்து, கீழே போய்ப் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறாள். வளைவு திரும்பத் திரும்ப, காய்ச்சல் கண்ட பிள்ளை அவள் தோளில் கக்கி, வீறிட்டு அழுதது.

"போன தடவை போடவே இல்லீங்க அத்தை. மழைல பஸ் வரலை" என்றாள் ஆர்த்தி, முந்தானையால் துடைத்துக்கொண்டே. பிறகு பொன்னாயி மடியில் பளபளவென்று இருந்ததைப் பார்த்தாள். "இதென்னங்க அத்தை, பரிசா? எதுக்குங்க குடுத்தாங்க?"

பொன்னாயி கேடயத்தைக் கீழே காலடியில் வைத்தாள். பிள்ளையை வாங்கி மார்மேல் போட்டுக்கொண்டாள். உடம்பு கொதித்தது.

"உம் புள்ளைக்கு ஊசி போடாம மிச்சம் புடிச்சதுக்குக் குடுத்தாங்க, கண்ணு" என்றாள். "அன்னிக்கு மருந்து கெட்டது மழைல கரண்டு போனதால இல்ல. மெயினை அமத்துனது நாந்தான்."