மெத்தை வீட்டுக் காகிதப்பூ

அம்சவள்ளி அடுத்தவர் நிலத்தில் ஒரு கதிர்கூட உருவியதில்லை. நைனார்பாளையத்தில் நிலம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கரும்பு வெட்டப் போனால் ஒரு துண்டு ஒடித்துக் கடிக்க மாட்டாள். மல்லாட்டை பிடுங்கப் போனால் மடியில் ஒரு வேர்க்கடலைப் பருப்பு இருக்காது. அவள் திருடியதெல்லாம் அழகுச் செடிகளை மட்டும்தான்.

அதையும் அவள் திருட்டு என்று சொல்வதில்லை, கிள்ளுவது என்பாள். மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் கணுவோடு ஒரு சாண் துண்டு, அவ்வளவுதான். மொட்டு வைத்த கிளையைத் தொட மாட்டாள். கிள்ளியதை ஈரத்துணியில் சுற்றித் தூக்குவாளிக்குள் வைத்துவிட்டால் பஸ் பிடித்து வீடு வந்து சேரும்வரை வாடாது. கேட்டு வாங்கிய செடி பிழைக்காது என்பது அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்படியும் ஒருமுறை பள்ளிக்கூட டீச்சரிடம் மரியாதையாகக் கேட்டு ஒரு ரோஜாக் குச்சி வாங்கி வந்தாள். அடுத்த வாரமே அது கருகிப்போனது. அதன் பிறகு அவள் யாரையும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

வீட்டுக்கு முன்னால் இடமென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் பெயிண்ட் டப்பா, உடைந்த குடம், அடி ஓட்டையான குண்டான், எல்லாவற்றிலும் செடி. குரோட்டன்ஸ் வெயில் பட்டால்தான் நிறம் பிடிக்கும், நிழலில் விட்டால் வெறும் பச்சையாகிவிடும் என்று அதைத் தெருவோரம் வைத்திருந்தாள். மணி பிளாண்டுக்குச் சுள்ளென்ற வெயில் ஆகாது, அது சன்னலுக்கு உள்ளே. பக்கத்து வீட்டு ஆயம்மாள், நாலு கத்திரியும் வெண்டையும் போட்டால் குழம்புக்காவது ஆகுமே என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்தாள். கத்திரியையும் வெண்டையையும் அம்சவள்ளி பொழுதுக்கும் யாருடைய கொல்லையிலாவது குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு வந்தால் காய்க்காமல், பறிக்கச் சொல்லாமல், சும்மா நிற்கிற ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது.

நர்சரிக்காரர்கள் வைத்த பெயரெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கே கிள்ளியதோ அதுதான் பெயர். பழுப்புப் புள்ளி குரோட்டன்ஸ், தாலுகா ஆபீஸ். சிவப்பு இட்லிப்பூ, பெட்ரோல் பங்க். வேலைக்குப் போகிற அவசரத்தில், பெட்ரோல் பங்குக்குத் தண்ணி ஊற்றியாயிற்றா என்று அவள் புருஷன் அம்மாசி தெருவில் நின்று கத்துவான். புதிதாகக் குடிவந்தவர்கள் கொஞ்சம் பயந்தார்கள்.

அம்மாசிக்கும் இதில் ஒரு வேலை இருந்தது. அவள் கிள்ளும்போது அவன் தெருமுனையில் நிற்பான். யாராவது வந்தால் இருமுவான். அப்படித்தான் மணலூர்பேட்டைக்குக் கரும்பு வெட்டப் போன வருஷம், மாடி கட்டிய ஒரு மெத்தை வீட்டு மதிலில் ஒரே கிளையில் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்திருந்த காகிதப்பூ அவளிடம் வந்து சேர்ந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வருவதே பெரும்பாடு என்பதால் அவள் அதை வாரத்துக்கு ஒருமுறைதான் கவனித்தாள். இலை துவண்டு தொங்கும்வரை விட்டு, பிறகு ஒரு சொம்பு ஊற்றுவாள். காகிதப்பூவுக்கு அந்தக் கஞ்சத்தனம்தான் பிடிக்கும். பங்குனியில் இலை தெரியாமல் பூத்தது.

அந்தப் பங்குனியில்தான் மகள் தமிழ்மொழியைப் பெண் பார்க்க வந்தார்கள். பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சியில் அவள் வேலை செய்யும் துணிக்கடைக்குப் பக்கத்துக் கடைதான் இளமாறனுக்கு. இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். இவர் இல்லையென்றால் யாரும் வேண்டாம் என்று தமிழ்மொழி சொல்லிவிட்டாள், சொன்னதை மாற்றுகிற பெண்ணும் இல்லை. பையனின் அம்மா லட்சுமியம்மாள் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மணலூர்பேட்டை, சொந்தத்தில் மெத்தை வீடு என்று காதில் விழுந்தபோதுகூட அம்சவள்ளிக்கு ஒன்றும் தோன்றவில்லை. மணலூர்பேட்டையில் மெத்தை வீட்டுக்கா பஞ்சம்?

லட்சுமியம்மாள் மகனோடு வந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. பூச்செடிகள் நிறைய இருக்கிறதே என்று மட்டும் சொன்னார். அம்மாசிக்கு அது போதுமானதாக இருந்தது. வெளியே கூட்டிப் போய் ஒவ்வொரு டப்பாவாகக் காட்டத் தொடங்கினான். தாலுகா ஆபீஸ், பெட்ரோல் பங்க், பல் டாக்டர் வூடு என்று வரிசையாக வந்து உடைந்த குடத்தின் முன்னால் நின்றான்.

"இது மணலூர்பேட்ட மெத்த வூடுங்க. உங்க ஊருதான்."

"எந்த மெத்த வூடு?" என்று கேட்டார் லட்சுமியம்மாள்.

"நீலக் கேட்டுங்க. வாசலுக்கு மேல ரெண்டு மயிலு டைல்ஸ் பதிச்சிருப்பாங்க. நான் மொனையில நின்னு இருமிக்கினு இருந்தேன், இவதான் கிள்ளிக்கினு வந்தா."

இளமாறன் தலையைக் குனிந்துகொண்டான். காபித் தட்டோடு நின்ற தமிழ்மொழி அம்மாவைப் பார்த்தாள். நீலக் கேட்டும் இரட்டை மயிலும் யாருடையது என்று அந்தப் பார்வையிலேயே அம்சவள்ளிக்கு விளங்கிவிட்டது. அவமானத்தில் அவளுக்குக் காது இரண்டும் எரிந்தது. இத்தனை வருஷம் யார் கொல்லையிலும் கை வைக்காமல் சேர்த்த நல்ல பெயர், மகளுக்கு உதவ வேண்டிய நாளில் உதவாமல் போனதே என்றிருந்தது.

லட்சுமியம்மாள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கூட்டுது இப்பல்லாம் பூக்கறதே இல்ல. தண்ணி எப்படி ஊத்தறீங்க?"

"வாரத்துக்கு ஒருக்காதாங்க. வாட வுட்டாத்தான் பூக்கும்" என்றாள் அம்சவள்ளி.

போர் போட்டதிலிருந்து நாங்கள் தினமும் பைப் பிடிக்கிறோம் என்றார் லட்சுமியம்மாள். வேறொன்றும் கேட்கவில்லை. காபியைக் குடித்தார், சொல்லி அனுப்புவதாகச் சொன்னார், தெருவோரம் குனிந்து செருப்பைச் சற்று நேரமெடுத்து மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்மொழி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அம்மாசிக்கு எங்கே தப்பு நடந்தது என்று பிடிபடவே கொஞ்ச நேரமானது, பிடிபட்டதும் சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டான். மறுநாள் முதல் பஸ்ஸில் காகிதப்பூவைக் கொண்டுபோய் அந்த நீலக் கேட்டுக்கு முன்னால் வைத்து, என் மேல் உள்ள கோபத்தை என் பெண்மேல் காட்டாதீர்கள் என்று காலில் விழுவது என அம்சவள்ளி முடிவு செய்தாள். அன்று சாயங்காலமே எடுத்து வைக்கலாம் என்று குடத்தை இழுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தாலுகா ஆபீஸில் ஒரு நுனி இல்லை.

ஆடு மேய்ந்திருந்தால் நாலு இலையாவது கிழிந்திருக்கும். இது கணுவுக்குக் கீழே, சாய்வாக, நகத்தால் கிள்ளியது. பக்கத்து இலை கசங்கக்கூட இல்லை. வேலை தெரிந்த கை. அம்சவள்ளி அந்த வெட்டைத் தொட்டுப் பார்த்தாள், குடத்தை இருந்த இடத்திலேயே விட்டாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தப்பாக நினைத்துவிட்டால் மகள் இரண்டாம் தடவையும் அழ வேண்டியிருக்கும்.

மறுநாள் இளமாறன் போன் செய்தான். தமிழ்மொழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. காலைல இருந்து பெயிண்ட் டப்பாவுல ஒரு குச்சிய நட்டு வச்சிக்கினு அதையே பாத்துக்கினு இருக்குது. இன்னாமா இதுன்னு கேட்டேன். சம்பந்தி வூடுன்னு சொல்லுது."

தமிழ்மொழி எழுந்து உட்கார்ந்தாள். அம்சவள்ளி போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேரு புடிக்கிற வரைக்கும் நெழல்ல வைக்கச் சொல்லுங்க தம்பி. அப்புறம் வெயிலு."

போனை மகளிடமே கொடுத்துவிட்டாள்.